மாமியின் பெயரில் கிடந்த படிவம்

வருடக் கடைசிக் குடும்பப் படிவத்தில் கையெழுத்து வைக்க இன்று சீனன்குடா முகாம் கந்தோருக்குப் போனேன். என் கணவர் அங்கே விமானப்படையில் இருக்கிறார்.

கோப்பைப் புரட்டிய கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவருக்கு ஏதும் நடந்தால் காசு தாய்க்கெண்டுதான் கிடக்கு, அம்மா. உங்கட பேர் இல்லை.”

அவருடைய தாய், என் மாமி, இறந்து நான்கு வருடம். எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். ஒவ்வொரு டிசம்பரும் அடுத்த வருட வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் திட்டம் போடுகிறவள் நான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன்.

“பேரை மாத்தினால் அம்மாவுக்கு மனம் நோகுமெண்டு விட்டனான்.”

“அவ செத்தாப் பிறகு?”

“பிறகு மறந்துபோனன்.”

சண்டை பிடிக்கவும் தெம்பில்லை.

பட்டாளத்து வீட்டுப் பெண்களே, உங்கள் வீட்டுப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது? கேட்டுவிட்டுச் சோற்றைப் போடுங்கள்.