தண்ணீரை உள்ளே விட்ட பம்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காவிரிக்கரையிலிருந்து படகோட்டி ஒருவர் பட்டறைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். அவருடைய மரப்படகில் எப்போதும் நீர் கசியுமாம். அவர் துடுப்புப் போட, மனைவி டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே வருவாராம்.

"இப்ப அவ ஏழு மாசமுங்க. குனிய முடியறதில்ல, சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா. லாரி பேட்டரில ஓடற மாதிரி ஒரு பம்பு வெச்சுக் குடுங்க" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதமே எனக்குப் பிடித்துப்போயிற்று. கொச்சிக்கு லோடு போகும் டிரைவர் ஒருவரை, துறைமுகத்துப் பக்கம் விசாரிக்கச் சொன்னேன். போய் வந்தவர், நாமே சுவிட்ச் போடுகிற பம்பும் உண்டு, தண்ணீர் ஏறினால் மிதவை மேலே வந்து தானாக ஓடுகிற பம்பும் உண்டு என்றார். சுவிட்ச் இருந்தால் அந்தப் பெண் அதற்கும் எழுந்து குனியவேண்டுமே! தானாக ஓடுவதையே வாங்கிவரச் சொன்னேன்.

கரையில் காலியாக நின்ற படகில், நீர் தேங்கும் பள்ளத்தில் பம்பைப் பொருத்தி ஒரு லாரி பேட்டரியோடு இணைத்தேன். பக்கப் பலகையில், ஆற்று நீர் தொடும் இடத்துக்கு நாலு விரல் மேலே துளை போட்டுக் குழாயை வெளியே விட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் மேல வெச்சா ஆகாதுங்களா?" என்று படகோட்டி கேட்டார்.

"மேல போனா பம்பு திணறுமுங்க. எனக்குத் தெரியாதுங்களா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கரையில் சந்தை. என் கைவேலையைப் பார்க்க நானும் படகில் ஏறினேன். ஆட்கள், வெங்காய மூட்டைகள், கோழிக்கூடைகள் என்று நல்ல பாரம். நடு ஆற்றில் பம்பு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. எல்லோரும் வேடிக்கை பார்க்க, எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் இழுத்தது. பேட்டரி சோர்ந்து பம்பு நின்றேவிட்டது. தண்ணீரோ கணுக்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் கண்டுபிடித்தது, வழக்கம்போல் கூட வந்திருந்த படகோட்டியின் மனைவிதான். "ஏனுங்க, குழா வாய் ஆத்துக்குள்ள முங்கிக் கெடக்குது பாருங்க!" என்று கத்தினார்.

பாரத்தில் படகு தாழும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பம்பு நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஆறு அதே குழாய் வழியாக உள்ளே திரும்பியிருக்கிறது; அதைத் திரும்பத் திரும்ப இறைத்தே பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது.

"சாமிகளா, ஒருத்தரும் எந்திரிக்காதீங்க!" என்ற படகோட்டி, துடுப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டு விளிம்பில் சாய்ந்தார். தலைத்துண்டை அவிழ்த்து அந்தத் துளைக்குள் திணித்தார். நான் டப்பாவை எடுத்து வெறிகொண்டவன் போல் மொண்டு ஊற்றினேன். சந்தைக்குப் போகிறவர்களும் சோற்றுத் தூக்குகளைக் காலிசெய்துவிட்டு மொண்டார்கள். எப்படியோ புறப்பட்ட கரைக்கே திரும்பி வந்து சேர்ந்தோம்.

இறங்கியதும் ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். "எவன்டா இந்த ஓட்டையப் போட்டது?" என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் படகோட்டி முன்னால் வந்து நின்றார்.

"என்ற படகுங்க. ஏத்துன பாரமும் நான் ஏத்துனதுதான். என்னையப் பேசுங்க."

அவர் மனைவி என்னை வீட்டுக்கு அழைத்துப்போய்க் கணவருடைய வேட்டி ஒன்றை நீட்டினார். "ஈரத்தோட பஸ் ஏறாதீங்க. நாளைக்கு வந்து மேல வெச்சுக் குடுங்க, போதும்."

மறுநாள் மணல் மூட்டைகளை ஏற்றிப் படகு எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்தேன். பழைய துளையைக் கட்டையடித்து அடைத்து, விளிம்பை ஒட்டிப் புதுத் துளை போட்டேன். எங்கே வைக்கலாம் என்று இம்முறை அவரைக் கேட்டுத்தான் கோடு கிழித்தேன். மழைக்காலம் முடியும்முன் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அன்று அவர் என்னைக் கைகாட்டியிருந்தால் நான் வெட்கப்பட்டு மறந்திருப்பேன்; எனக்கு முன்னால் வந்து நின்றதால்தான், எந்த வண்டியைத் தொட்டாலும் அதை ஓட்டுகிறவரின் பேச்சை முழுதாகக் கேட்கும் பழக்கம் இன்றுவரை என்னோடு இருக்கிறது.