முதல் மழைத் தண்ணீர்

ஐப்பசியின் முதல் மழை விட்டதும் பால்கனிக் கதவைத் திறந்தேன். டீசலும் சோப்பும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. எங்கள் குடியிருப்பின் மழைநீர்க் குழாய் ஏரிக்குள் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கரை நெடுக நுரை.

இதே ஏரிக்கரையில்தான் வளர்ந்தேன். அப்போது முதல் மழைக்கு ஆட்டுப்புழுக்கையும் ஊறிய வைக்கோலும் நாறும். தெருத் தண்ணீர் டீ நிறத்தில் ஓடி வரும். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கிவிடுவாள். ஏரிக்குப் போகும் வாய்க்காலைச் சேறு வைத்து அடைத்து, தண்ணீரை எங்கள் வயலுக்குத் திருப்புவாள்.

"ஏரியே பாதிதான் கெடக்கு. வர்ற தண்ணிய மறிக்கிறியேக்கா!" என்று அப்பா கத்துவார்.

"தெருவக் கழுவுன தண்ணிடா இது. பயிருக்கு எரு. ஏரியில மீன் கெடக்கு, நாரை நிக்குது. அதுங்க வாயில இதையா ஊத்துவே?"

அடுத்த மழையில் தண்ணீர் தெளிந்து வந்த பிறகுதான் அடைப்பை வெட்டிவிடுவாள்.

அந்த வயலின் மேல்தான் இப்போது எங்கள் குடியிருப்பு நிற்கிறது.

கீழே நின்ற குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் பால்கனியிலிருந்தே நுரையைக் காட்டினேன்.

"மழைத் தண்ணிதானே சார், ஏரி ரொம்பினா நல்லதுதானே? நம்ம ரோட்டுல ஒரு சொட்டு நிக்குதா பாருங்க!" என்றார் பெருமையாக.

நாரைகள் எதிர்க்கரைக்கு ஒதுங்கியிருந்தன. ஏரி தெரியும் என்றுதான் இந்த வீட்டை வாங்கினேன். நாற்றம் தாங்கவில்லை. முதல் மழைக்கு அத்தை வாய்க்காலை அடைத்தாள். நான் பால்கனிக் கதவை அடைத்தேன்.