மூன்றாவது கோடு

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். வயதானதும் அடங்கிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அடங்கவெல்லாம் இல்லை, வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஏன் என்று இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் பழவேற்காடு கடைத்தெருவில் பேனாக்கடை வைத்திருந்தேன். எபோனைட் என்கிற கெட்டிக் கருப்பு ரப்பர் கழியைக் கடைந்து பேனா செய்வேன். அதன்மேல் கூரான எஃகு ஊசியால் பெயர் வெட்டி, வெட்டுக்குள் வெள்ளைப் பெயின்டைத் தேய்த்துக் கொடுப்பேன். மெஷின் கிடையாது, எல்லாம் கைதான். பெயர், இனிஷியல், பள்ளிக்கூட முத்திரை, கட்சிச் சின்னம், எது கேட்டாலும் வெட்டுவேன். மீஞ்சூரிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். 'பாய் கை தப்பாது' என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

ஒரு நாள் காலை ஏரிக்கு அக்கரைக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். கூடவே அவர் மகள். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தாள். மேலே படிக்கப் பொன்னேரிக்கு அனுப்பப் போகிறாராம். அவர்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் படிக்கப் போனதில்லை. அவளுக்கு ஒரு பேனா வேண்டும் என்றார்.

"பேரு இன்னா வெட்டணும்?" என்றேன்.

"பேரு வோணாம் பாய். எங்க வூட்டுக் குறியப் போடு. எனக்குப் படிக்கத் தெரியாது. குறி இருந்தா, இது என் பொண்ணு பேனான்னு எனக்கும் தெரியும்ல?"

அந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு குறி உண்டு. துடுப்பிலும் வலை மிதப்புக் கட்டையிலும் கத்தியால் கீறி வைப்பார்கள். என் மேஜைமேலிருந்த தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்து, பலகையில் வரைந்து காட்டினார். சாய்வாக இரண்டு கோடு, கீழே தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு.

"இதுக்கு எதுக்குய்யா பேனா? துடுப்பையே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கினு போகச் சொல்லு" என்றேன். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வெட்ட உட்கார்ந்தேன். இரண்டு கோடு போட்டதும் பார்க்க மொட்டையாக இருந்தது. ஒரு பக்கம் பாரம், ஒரு பக்கம் காலி. பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றை இழுத்தேன். அடடா, என்ன அழகு! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் பேனாவைக் கையில் வாங்கியதும் அவர் முகம் செத்துவிட்டது.

"பாய், இது எங்க அண்ணன் குறி. பாகம் பிரிச்சப்போ அண்ணனுக்கு மூணு கோடு, எனக்கு ரெண்டுன்னு ஊருல முடிவு பண்ணிக் கொடுத்தாங்க. மூணு போட்டா அவரு பங்குக்கு நான் கை நீட்டுறேன்னு அர்த்தம். இன்னொண்ணு வெட்டிக் கொடு பாய்."

அப்போதே "என் தப்புதான்யா" என்றிருந்தால் ஒரு கழி ரப்பரோடு போயிருக்கும். கடையில் ஆள் இருந்தது. பாய் கை தப்பாது.

"நீதான்யா மூணு போட்டுக் காமிச்ச" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார். காலையில் வரைந்த தண்ணீர் அப்போதே காய்ந்துபோயிருந்தது.

"வெட்டினது வெட்டினதுதான். வேணும்னா எடு, இல்லாட்டி வெச்சிட்டுப் போ."

மகளின் கண் பேனாமேலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அந்த ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து இரண்டு பேர் அதே பேனாவோடு வந்தார்கள். மூன்றாவது கோட்டின் பெயின்டைச் சுரண்டி, படகு ஓட்டைக்கு வைக்கும் கீலை உருக்கி அடைத்திருந்தார் அந்த மனிதர். அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. திருட்டுத்தனமாக அண்ணன் குறியைப் போட்டுக்கொண்டு, மாட்டிக்கொள்வோம் என்று மறைத்திருக்கிறான் என்று அண்ணன் பஞ்சாயத்தில் வைத்துவிட்டார். ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று ஊர் கூடி முறை பிரிப்பார்கள், அதற்குப் பாடு என்று பெயர். தம்பிக்கு அந்த வருஷம் பாடு உண்டா இல்லையா என்பது என் வாயில் இருந்தது.

"உண்மையச் சொல்லு பாய். அவன் எத்தினி கோடு போட்டுக் காட்னான்?"

"மூணு" என்றேன்.

யா அல்லா, எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அன்றைக்கு மத்தியானம் இறால் குழம்பு, வயிறு முட்டத் தின்றேன்.

அவருக்குப் பாடு இல்லை என்று தீர்ப்பானது. அந்த வருஷம் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனாராம். மகள் பொன்னேரிக்குப் போகவில்லை, இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போனாள். இதெல்லாம் மீன் விற்க வருபவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு ஊசியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஆறேழு வருஷம் கழித்து அவள் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. பேனாவை மேஜைமேல் வைத்து, நிப்பு மாற்ற வேண்டும் என்றாள். கீல் கொஞ்சம் உதிர்ந்து மூன்றாவது கோடு மறுபடியும் தெரிந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டேன்.

"நைனா எப்படிம்மா இருக்காரு?"

"போன வருஷம் தவறிட்டாரு பாய்."

நிப்பை மாற்றினேன். அவள் போகவில்லை. டம்ளரில் விரலை நனைத்து, அதே பலகையில் சாய்வாக இரண்டு கோடு போட்டாள்.

"நானும்தான் அன்னிக்கு இங்க நின்னுனு இருந்தேன். பஞ்சாயத்துலயும் சொன்னேன். பொண்ணு அப்பனுக்காகத்தான் பேசும்னு தள்ளிட்டாங்க. நீங்க சொல்லுங்க பாய், எத்தினி?"

கடையில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ரெண்டுதாம்மா. நான்தான் அழகுக்காக ஒண்ணு சேத்தேன். என்ன மன்னிச்சிடும்மா."

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே. என் தம்பிக்கு இந்த வருஷம் பாடு கேக்கப் போறோம். திருட்டுக் குறி போட்டவன் புள்ளைன்னு பெரியப்பா வூட்ல இப்பவும் சொல்றாங்க. நாளைக்குக் காலைல ஊர் கூடுது. ஒரு வாட்டி வந்து சொல்லிடுங்க."

"வரேம்மா. கண்டிப்பா வரேன்" என்றேன். அவள் நம்பினாள். போகும்போது குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தாள்.

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். அக்கரை ஒன்றும் தூரமில்லை, அரை மணி நேரம். நின்ற இடத்திலிருந்தே அந்த ஊர்க் கூரைகள் தெரிந்தன. என் கடையில் பெயர் வெட்டி வாங்கியவர்கள் நாலைந்து பேர் படகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சட்டைப் பையில் என் பேனா.

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "இன்னா பாய், அக்கரைக்கா?" என்றார்.

"இல்லபா, சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றேன்.