கோசென் படித்தவர்

போன வருடம் டெக்சஸ் ரவுண்ட் ராக்கில், நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நடந்தது இது. டீமுக்கு ஆள் எடுக்க, நானும் கோயம்புத்தூர்க்காரரான இன்னொரு லீடும் ரெஸ்யூமேக்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அதில் ஒருவர் ஜப்பானியர். சிப் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருட அனுபவம். படிப்பு என்ற இடத்தில் மட்டும் ‘கோசென், ஐந்து ஆண்டு’ என்று இருந்தது. போனில் தேடினேன். டெக்னிகல் காலேஜ் என்றது.

“அட, நம்ம ஊரு பாலிடெக்னிக் கேஸுங்க. விடுங்க, வேற ஆளப் பாக்கலாம்” என்று சிரித்தார் அவர். நானும் கூடச் சிரித்துவிட்டு ரிஜெக்ட் பக்கம் தள்ளினேன். சாயங்காலம் இன்டர்வியூ லிஸ்ட் எச்.ஆருக்குப் போய்விடும். அத்தோடு அந்த மனிதருக்கு இந்த வேலை இல்லை.

ஆனால் ‘கோசென்’ என்ற அந்த வார்த்தை மண்டையைக் குடைந்தது. மத்தியானம் சாப்பிடும்போது, டெஸ்டிங் டீமில் இருக்கும் ஜப்பானியத் தோழியிடம் கேட்டேன். என் எலுமிச்சை சாதத்தில் பாதியைக் காலி பண்ணிக்கொண்டே டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினாள். ‘கோகியோ கோகோ’ என்றால் தொழிற்கல்வி தரும் மேல்நிலைப் பள்ளி. ‘செம்மோன் கக்கோ’ ஒரே ஒரு தொழிலைக் கற்றுத் தருவது. ‘தைகாகு’ பல்கலைக்கழகம். கோசென் இது எதிலும் சேராதாம். பதினைந்து வயதில் நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போனால் ஐந்து வருடம் லேபும் மெஷினும்தான். கம்பெனிகள் தேடி வந்து எடுத்துக்கொள்ளுமாம். மேலே படிக்க நினைத்தால் நேராகப் பல்கலைக்கழக மூன்றாம் வருடத்தில் சேரலாமாம்.

நானும் பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போனவள்தான். பிறகுதான் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்ந்தேன். அமெரிக்கா வந்ததும் ரெஸ்யூமேயிலிருந்து டிப்ளமோ வரியை நானே எடுத்துவிட்டேன். காலையில் சிரித்ததை நினைத்தால் அவ்வளவு வெட்கமாக இருந்தது.

லிஸ்ட் போவதற்குள் திரும்பி வந்து, “அந்த ஜப்பான்காரர இன்டர்வியூ பண்ணலாங்க” என்றேன்.

“டிப்ளமோங்க அது.”

“நானும் டிப்ளமோதாங்க.”

“இத்தன வருஷம் சொல்லவே இல்லீங்களே” என்றபடி அவர் அந்த ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்தார்.

அந்தக் கோசென்காரர் இப்போது எனக்குப் பக்கத்து சீட்டில் இருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு ஒரு சிரிப்பில் அவரோடு சேர்த்து என்னையும் அல்லவா ரிஜெக்ட் பண்ணப் பார்த்தேன் என்று தோன்றும்.