எல்க் மானுக்கு நான் சொன்ன தோட்டா

என் மருமகன் அமெரிக்காவில் மலையும் பனியுமான ஓர் ஊரில் வேலை பார்க்கிறார். மேல்பட்டாம்பாக்கத்துப் பிள்ளை. இங்கே இருந்தவரை கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்க மாட்டார். அங்கே போய் ஆபீஸ்காரர்களோடு சேர்ந்து மான் வேட்டை பழகிக்கொண்டார். அந்த ஊரில் அது குற்றமில்லை. அரசாங்கமே சீட்டுக் குலுக்கி, இந்த வருஷம் நீ ஒன்று சுடலாம் என்று அனுமதி கொடுக்கிறதாம்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது போனில் முகம் காட்டினார்.

"அத்த, எனக்கு எல்க் சீட்டு விழுந்துடுச்சி. நாலு வருஷமா எழுதிப் போட்டது. சாதா மானுக்கும் சேத்தே கெடச்சிருக்கு."

"நல்லது மாப்ள. எல்க்குன்னா இன்னா?"

"அதுவும் மான்தான். ஆனா பெருசு. ரைபிள் இருக்கு, தோட்டாதான் எது வாங்குறதுன்னு தெரியல. கடையில ஒரு செவுரு முழுக்க அடுக்கி வச்சிருக்கான். உங்களுக்குத்தான் தோட்டா விஷயம் நல்லாத் தெரியுமே, அதான் கேக்கலாம்னு."

எனக்குத் தெரியும் என்று அவருக்குச் சொன்னது யார்? நானேதான். பெண் பார்க்க வந்த அன்று, அவர் வீட்டார் தங்கள் சித்தப்பா போலீசில் பெரிய வேலையில் இருப்பதை மூன்று தடவை சொன்னார்கள். மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்ல லைசென்ஸ் துப்பாக்கியே இருந்துச்சி. அவர் சுடுவாரு. எந்த மிருகத்துக்கு எந்தத் தோட்டான்னு பாத்துப் பொறுக்கிக் குடுக்கறது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை அன்று என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது.

நடந்தது வேறு. கரும்பில் பன்றி இறங்குகிறது என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கினார். தோட்டாக்கள் பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கும். சிவப்பில் சில, பச்சையில் சில. "அந்தச் செவப்ப எடு" என்பார், எடுத்துக் கொடுப்பேன். அஞ்சாவதோடு படிப்பு நின்ற எனக்குச் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியும். அவ்வளவுதான் என் தோட்டா ஞானம். அவர் சுட்டதில் ஒரு பன்றியும் விழுந்ததில்லை. ஒரு தடவை மோட்டார் கொட்டகைக் கூரைதான் விழுந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர்களிடம் ஆலங்கட்டி மழை என்று சொன்னேன். சித்திரை மாசத்து வெயிலில். அவர் போன பிறகு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாகிவிட்டது.

அன்று காலையே, எனக்குத் தெரியாது மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். நான் அடுப்பை அணைத்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"செதறுற தோட்டாவா பாத்து வாங்குங்க. உள்ள போனதும் நாலா பக்கமும் செதறணும். பன்னிக்கு நாங்க அதத்தான் போடுவோம்."

அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இரண்டு பட்டம் வாங்கியவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். எழுதி முடிக்கட்டும் என்று நிறுத்தி நிறுத்தி வேறு சொன்னேன்.

எழுதிவிட்டு அவர் போனை வைக்கவில்லை. "போன வருஷம் ஒரு மான் அடிபட்டு ஓடிடுச்சி அத்த. ரெண்டு நாள் ரத்தத்தப் பாத்துக்கிட்டே காட்டுல தேடுனேன். கெடைக்கவே இல்ல. எங்க கெடந்து துடிச்சிச்சோ. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா இந்த வேட்டையே வாணாம், விட்டுடுவேன்."

பின்னாலிருந்து என் மகள் குரல்: "ஒரு மாசம் சரியா சாப்புடலம்மா இவுரு."

சாயங்காலம் ஒரு படம் அனுப்பினார். நான் வண்டலூரில் பார்த்த புள்ளிமானைக் கொஞ்சம் பெரிசாக நினைத்து வைத்திருந்தேன். படத்தில் நின்றது குதிரை உயரம். தலையில் இலை உதிர்ந்த முருங்கை மரம் ஒன்றையே தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் தோட்டாவுக்குக் கரும்புக்கொல்லைப் பன்றியே அசையவில்லை. இது எங்கே விழப்போகிறது? அடிபட்டு ஓடும். அந்தப் பிள்ளை பின்னாலேயே இரண்டு நாள் அலையும். ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். அங்கே என் தம்பி இருக்கிறான். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதி உண்மையை மட்டும் சொல்லிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

"நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன். இருந்தாலும் ஒனக்கு இன்னா தோணுதுன்னு கேப்போமேன்னு வந்தேன்."

"இன்னா சொன்ன?"

சொன்னேன். அவன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"எக்கா, மாமா வச்சிருந்தது ரவை துப்பாக்கி. ஒரு தோட்டாக்குள்ள பத்து ரவை இருக்கும், அது செதறும். இது ரைபிள். ஒரே ஒரு குண்டு. அது மேல்தோல்லயே ஒடஞ்சி செதறிச்சின்னா அவ்ளோ பெரிய ஒடம்புல உள்ள எங்க போவும்? தோள்பட்டை எலும்பத் தாண்டாது. காயம் ஆவும், உசுரு போவாது, ஓடும்."

"அப்ப செதறாத குண்டு வாங்கச் சொல்லட்டுமா?"

"பட்டாளத்துக் குண்டு மாதிரியா? அது ஊசி போட்ட மாதிரி இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வந்துடும். அப்பவும் ஓடும். ஒடையவும் கூடாது, அப்படியே வெளிய போவவும் கூடாது. நுனி விரியணும், அடி கெட்டியா இருக்கணும், நுரையீரல் வரைக்கும் போவணும்."

"சரி, அது எதுன்னு பேரச் சொல்லு. நான் சொல்லிக்கிறேன்."

"நான் மானையா சுட்டேன்? எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாதுன்னு சொல்லு. வாய வச்சிகினு சும்மா இருக்க முடியாதாக்கா ஒனக்கு?"

மாடிக்குப் போய்ப் பேசினால் இவன் காதில் விழாது என்று போனை எடுத்துக்கொண்டு படியேறினேன். அவனும் பின்னாலேயே ஏறி வந்து, துணி காயப்போடும் கயிற்றுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மருமகன் உடனே எடுத்தார். "வாங்கிட்டேன் அத்த. ரெண்டு பெட்டி."

"போடாதீங்க மாப்ள."

"ஏன் அத்த?"

"எனக்குத் தெரியாது." முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. தம்பி, "சத்தமா" என்று வாயசைத்தான். "தோட்டா விஷயம் எனக்கு ஒண்ணும் தெரியாது மாப்ள. செவப்பு எடுன்னா செவப்ப எடுத்துக் குடுப்பேன். ஒங்க மாமா ஒரு பன்னியக்கூட அடிச்சதில்ல. மோட்டார் கொட்டாயதான் அடிச்சாரு."

லைன் போயிருக்கக் கூடாதா என்று கொஞ்சம் ஆசைப்பட்டேன். பிறகு என் மகள் சிரிக்கிற சத்தம் வந்தது. அவளிடமும் ஆலங்கட்டி மழை என்றுதான் சொல்லியிருந்தேன்.

மருமகன் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "கடைக்காரன் கேட்டான் அத்த, எல்க்குக்கா இதப் போடப்போறன்னு. எங்க அத்த சொன்னாங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரன், என்னால் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் துணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, தம்பி சொன்னது அத்தனையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இது தம்பி சொன்னது, நான் சொன்னதல்ல என்பதையும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

அவர் மறுபடி அந்தக் கடைக்குப் போனார். கடைக்காரர் கனமான, நுனி விரிந்தாலும் அடி உடையாத குண்டு ஒன்றைக் கொடுத்தாராம். எல்க்குக்குப் போதுமானது சாதா மானுக்கும் போதும், இரண்டுக்கும் இரண்டு வாங்கிக் குழப்பிக்கொள்ளாதே, தோட்டா மாறினால் குறி மாறும், இதைப் போட்டே சுட்டுப் பழகு என்றாராம். நான் வாங்கச் சொன்ன இரண்டு பெட்டியை என்ன செய்வது என்று இவர் கேட்டிருக்கிறார். காகிதத்தில் வட்டம் போட்டுச் சுடலாம், காகிதத்துக்கு அது போதும் என்றாராம்.

சனிக்கிழமை அவரும் ஆபீஸ்காரர்களும் காட்டுக்குள் போனார்கள். அங்கே போன் எடுக்காது. நான் இரண்டு நாளும் கடலூரில் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை புளி ஊற்றினேன். கீழே விழுந்தால் ஒரேயடியாக விழட்டும் என்று சாமியிடம் கேட்பதா, கண்ணிலேயே படாமல் போகட்டும் என்று கேட்பதா என்பதும் தெரியவில்லை. இரண்டையும் கேட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. தாடி முளைத்துக் கண் சிவந்திருந்தார்.

"ஏழெட்டு அடி நடந்துச்சி அத்த. அப்படியே படுத்துடுச்சி. கிட்டப் போறதுக்குள்ள அடங்கிடுச்சி." சொல்லிவிட்டுப் போனைத் தன் முகத்திலிருந்து திருப்பிவிட்டார். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு பெரிய உயிர் போயிருக்கிறது. அது துடிக்காமல் போனது என்று இரண்டு பேரும் ஆறுதலடைகிறோம். அதைப் பற்றி வாயால் என்ன சொல்வது?

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கறி ஏகப்பட்டது இருக்கு அத்த. எப்படிச் சமைக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. நீங்க சொல்லுங்களேன்" என்றார்.

அந்த எல்க்கை நான் உயிரோடும் பார்த்ததில்லை, கறியாகவும் பார்த்ததில்லை.

"மொளகு ஜாஸ்தியாப் போடணும் மாப்ள" என்று ஆரம்பித்தேன். "எழுதிக்கிறீங்களா?"