கல்லறைச் சுவர் முடியும் இடத்தில் எரிந்த விளக்கு

ஒரு விளக்கை நான் பொய் சொல்ல வைத்தேன். அதை ஒரேயடியாக அணைத்திருந்தால்கூட யாராவது கவனித்திருப்பார்கள். எரிய வேண்டிய நேரத்தில் எரிந்து, அணைய வேண்டிய நேரத்தில் அணையும்படி ஒயரை மாற்றிக் கொடுத்தேன். அதனால் ஓர் அம்மாவின் முழங்கால் உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது.

மேட்டுப்பாளையம் சாலையில் முப்பது வருடம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். என்ஜினீயரிங் படித்தவன் என்பதால், மற்றவர்கள் கைவிட்ட மின்சாரக் கோளாறுகள் என்னிடம் வரும். அந்த அம்மா காரமடையில் ஆசிரியை. கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் ஓட்டிய பழைய காரைத்தான் கொண்டுவந்திருந்தார்.

"ஏனுங்ணா, இந்த ஏபிஎஸ் லைட்டு எரியுதுங்க. தெனமும் ஒரே எடத்துலங்க."

"எங்கீங்க டீச்சர்?"

"எங்க கல்லறைத் தோட்டத்துச் செவுரு முடியற எடத்துலங்க. அவரை வெச்சிருக்கறது அங்கதானுங்க." சற்றுத் தயங்கினார். "இன்னைக்கு நிதானமாப் போன்னு சொல்றாருன்னு நெனச்சுக்குவேன். அன்னைக்குப் பூரா நாப்பதத் தாண்ட மாட்டேனுங்க."

"செத்தவங்களுக்கு ஒயரிங் கெடையாதுங்க டீச்சர்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். மனம் நொந்தாலும் ஒரு 'ங்க' போட்டுச் சிரிப்பது எங்கள் பக்கத்து மரியாதை.

மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து நானே ஓட்டினேன். நல்ல வெயில். சுவர் முடிந்தது. பானட்டுக்குள் ஏதோ ஒன்று லேசாக உறுமியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த நாளும் போனேன். அதே சுவர், அதே உறுமல், அதே விளக்கு. எனக்கு மயிர்க்கூச்செறிந்ததை அவரிடம் சொல்லவில்லை.

கோளாறு பார்க்கும் ஸ்கேனரை மாட்டினேன்; சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் யூனிட்டுக்கு வோல்டேஜ் குறைவாக வருகிறது என்றது. வண்டியை ஷெட்டில் நிறுத்தி மல்டிமீட்டரில் அளந்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட்; என்ஜின் ஓடும்போது பதினாலு; யூனிட்டின் பிளக்கிலும் அதேதான். எங்கும் குறையவில்லை. எனக்குப் புரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். படித்தவன் வாயில் அது வரவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், மூன்றாவது முறை அந்தச் சுவரைத் தாண்டிப் போக எனக்குப் பயமாகவும் இருந்தது.

அந்த வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒயர். ஏபிஎஸ் விளக்கின் ஒயரை வெட்டி என்ஜின் ஆயில் எச்சரிக்கை விளக்கின் ஒயரோடு சேர்த்துவிட்டேன். சாவியைத் திருப்பினால் இரண்டும் எரியும். என்ஜின் ஓடியதும் இரண்டும் அணையும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருக்கும்.

"செரி பண்ணிபோட்டேனுங்க டீச்சர்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, தூறல் விழுந்த ஒரு காலையில், மேட்டுப்பாளையத்துக்கு முன்னால் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, திருப்பிய பக்கம் திரும்பாமல் கார் வழுக்கிப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"ரெண்டு மாசமா லைட்டு எரியலீங்ணா. அவரு என்னைய உட்டுட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன். நானும் வேகமா ஓட்டப் பழகிட்டேனுங்க."

உடைந்த இன்னொன்று அதுதான்.

காரை என் ஷெட்டுக்கு இழுத்துவந்திருந்தார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அன்று செய்தேன். ஸ்கேனர் மூலம் பிரேக் யூனிட்டின் பம்பை ஓடவிட்டு, ஓடும்போதே எர்த் ஒயரை அளந்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய மீட்டர் நாலரை வோல்ட் காட்டியது. பேட்டரிக்கு அடியில் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். ஆசிட் கசிந்து, அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சும்மா இருக்கும்போது அந்த இணைப்பு தாங்கும். பம்ப் சுற்றக் கரண்ட் இழுத்தால் வோல்டேஜ் விழுந்துவிடும். நான் அளந்தபோதெல்லாம் பம்ப் சும்மா இருந்தது.

சுவரும் புரிந்தது. ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும், வேகம் இருபதைத் தாண்டியதும் யூனிட் தன் பம்பை ஒரு தரம் சுற்றிச் சோதித்துக்கொள்ளும். அவர் வீட்டிலிருந்து சுவர் வரை குறுகலான சந்து, வரிசையாக வேகத்தடைகள். சுவர் முடியும் இடத்தில்தான் தார் ரோடு; அங்கேதான் ஆக்சிலரேட்டரை மிதிக்க முடியும். வேறு இடத்திலிருந்து கிளம்பும்போதும் விளக்கு எரிந்திருக்கும்; அவர் மனதில் பதிந்தது இந்த இடம்தான்.

புரிந்த பிறகு பயம் போயிருக்க வேண்டும். ஸ்கேனரில் யூனிட்டின் ஞாபகத்தைத் திறந்து பார்த்தேன். கோளாறு வந்த ஒவ்வொரு முறையும் அதில் எண்ணி வைக்கப்பட்டிருந்தது. நான் ஒயரை வெட்டிய பிறகும் எண்ணிக்கை நிற்காமல் ஏறியிருந்தது. கேட்க ஆள் இல்லாமல் அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஷெட்டில் நான் தனியாக இருந்தேன். ஸ்கேனரை அணைத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன்.

அவர் வீடு திரும்பியதும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் காலை நீட்டியிருந்தவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப அவரு தெனமும் சொல்லிட்டேதான் இருந்தாருங்களா?"

என்ஜினீயராக என்னிடம் வேறு பதில் இருந்தது. "ஆமாங்க டீச்சர். தெனமும்" என்றேன்.

"நீங்கதான் வாயப் பொத்திபோட்டீங்க."

"ஆமாங்க."

காரை என் கையாலேயே சரிசெய்தேன். புது எர்த் ஒயர் போட்டு, விளக்கை அதன் சொந்த ஒயரில் சேர்த்தேன். அவர் மறுபடி கார் ஓட்டத் தொடங்கிய அன்று பக்கத்தில் உட்காரச் சொன்னார். சுவர் முடிந்தது. பம்ப் உறுமியது. விளக்கு எரியவில்லை.

"இனி எரியாதுங்களா?"

"கோளாறு வந்தா எரியுமுங்க. இல்லீன்னா சாவி போடறப்ப மட்டும் மூணு செகண்டு எரியுமுங்க."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி சாவியை அணைத்தார். மறுபடி திருப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைந்தது.

"போதுமுங்க" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்து என்னை இறக்கிவிட்டபோது, "வண்டிய இனி வேற எடத்துல பாத்துக்கறேனுங்ணா" என்றார். மரியாதை குறையவில்லை.

இப்போதும் அந்த வழியே போகும்போது எப்போதாவது அவர் கார் எனக்கு முன்னால் போகும். சுவர் முடியும் இடத்தில் ஓரங்கட்டி நிற்கும். நானும் பின்னால் நிறுத்திக் காத்திருப்பேன். என்ஜின் அணையும்; மூன்று எண்ணும் நேரத்துக்கு ஒரு சத்தமும் இருக்காது. பிறகு அது கிளம்பும், நாற்பதைத் தாண்டாமல்.