நார்த்தாமலைப் பாறையில் அப்பா பார்த்தது

ஐம்பதுகளின் நடுவில் ஒரு பங்குனித் திருவிழாவுக்குக் கந்தர்வக்கோட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு நார்த்தாமலைக்குப் போயிருந்தோம். அப்பா, அம்மா, நான், புதிதாக மணமான அக்கா, அத்தான். மலையடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு, சோறாக்கித் தின்று, பாறையின் மேல் ஜமுக்காளம் விரித்தோம். பகல் வெயில் பாறைக்குள் இன்னும் இருந்தது. முதுகு சுட்டது.

வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் ஏறியிருந்தது. அக்கா அத்தானைச் சீண்டினாள்.

"கல்யாணத்தன்னைக்குப் பட்டப்பகல்ல அருந்ததி தெரியுதுன்னீங்களே, இப்பக் காட்டுங்க பாப்போம்."

"அன்னைக்குப் பசி. ஐயரு எதக் கேட்டிருந்தாலும் தெரியுதுன்னுருப்பேன்."

ஆனாலும் சரியாகக் காட்டினார். வால் பக்கம் நடுவில் இருப்பது வசிஷ்டர். அதை ஒட்டி, கீழே, ஒரு பொடி வெளிச்சம். எல்லோருக்கும் தெரிந்தது.

"மாமா, ஒங்களுக்கு?"

"தெரியுதே."

"மேலயா, கீழயா?"

"மேலதான்" என்றார் அப்பா.

அத்தான் மேற்கொண்டு கேட்கவில்லை. அருந்ததி தெரியாதவன் ஆறு மாதம் தாண்டமாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அம்மா எழுந்து, அணைந்திருந்த அடுப்பில் தண்ணீர் தெளித்தாள்.

ஊர் திரும்பிய பிறகு அம்மா சரியாகத் தூங்கவில்லை. நான் விழித்த இரவுகளிலெல்லாம் அவள் புறங்கை அப்பாவின் மூக்கருகில் இருந்தது. அவரைக் கிணற்றில் இறங்க விடவில்லை. தனியாக பஸ் ஏற விடவில்லை. வாசல்படியில் அவர் தடுக்கி விழுந்த அன்று, "எமன் கூப்புடுறான், அதான் காலு நெலகொள்ளல" என்று அக்காவிடம் அழுதாள். நீட்டிய தம்ளரைத் தாண்டி அவர் கை போனபோதும் அதையே சொன்னாள். அப்பாவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புரட்டாசி கழிந்தது. அப்பா உயிரோடு இருந்தார். அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்று பார்த்தேன். அதே வாரம், தெருவில் நின்றிருந்த வண்டியின் மேல் அப்பா நேராக நடந்துபோய் மோதினார். நெற்றி பிளந்தது.

தஞ்சாவூரில் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். நரம்பு பட்டுப்போய்விட்டது, இனி வராது என்றார். எப்போதிருந்து மங்கல் என்று கேட்டார்.

"ஒரு மாசமா இருக்குங்க" என்றார் அப்பா.

"பங்குனியில இருந்துங்க" என்றாள் அம்மா, கதவோரம் நின்றபடி.

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கலாமேம்மா."

"உசுருக்குத்தாங்க பயந்தேன். கண்ண நெனைக்கல."

பாறையில் தான் சொன்ன பொய்யை அவள் அன்றே கண்டுகொண்டாள் என்பது அப்பாவுக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அம்மா நின்றது அதற்குச் சற்றுத் தள்ளி.